உண்டியல் காசும் நம் பிள்ளைகளின் வங்கிப் புத்தகமும்



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், பள்ளிவாசல் வாயிலில் ஒரு தாய் எனக்காகக் காத்து நின்றார். அவரது கையில் மகனின் வங்கிப் புத்தகம் இருந்தது. மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, வெளிநாட்டு வேலைக்கு விசா வரும் வரையில் வீட்டில் இருப்பவர். "மௌலவி, மூணு மாசத்துல மகன்ட கணக்குக்கு இவ்வளவு காசு வந்து போயிருக்கு. கேட்டா கொமிசன் என்கிறான். இது ஹலாலா, ஹறாமா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எட்டு இலட்சம், ஒன்பது இலட்சம், ஒன்பதரை இலட்சம் என வரவுகள் பதியப்பட்டிருந்தன. ஒன்றேனும் பத்து இலட்சத்தைத் தொடவில்லை. வந்த பணம் அன்றோ மறுநாளோ வெளியே சென்றிருந்தது.

மார்க்கச் சட்டம் கேட்டு வந்த அந்தத் தாய்க்கு, முதலில் நாட்டுச் சட்டத்தையே நான் விளக்க நேர்ந்தது. அன்று அவருக்குக் கூறியதையே, இன்னும் சற்று விரிவாக, நமது இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இங்கே எழுதுகின்றேன். ஏனெனில் அந்தப் பிள்ளை செய்த காரியத்தை மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் இன்னும் பல பிள்ளைகள் ஒரு பகுதிநேர வேலை என்று எண்ணிச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

உண்டியல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். பள்ளிவாசல் வாசலில் இருக்கும் உண்டியலை நான் குறிப்பிடவில்லை. வெளிநாட்டில் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தால், உள்ளூரில் இன்னொருவர் வீட்டு வாசலுக்கே ரூபாயைக் கொண்டுவந்து தரும் அந்த முறையையே சொல்கிறேன். இதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவு மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றார்கள். அந்த அகதி வாழ்விலேதான் நான் பிறந்து வளர்ந்தேன். வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாத, பலவேளை அடையாள அட்டையே இல்லாத பெண்களுக்கு, சவூதியிலிருந்து கணவர் அனுப்பிய பணத்தைக் குடிசை வாசலில் எண்ணிக் கொடுத்துச் சென்ற மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் அமானிதம் பேணினார்கள். அதனாலேயே இந்த முறையில் நம்மவர்களுக்கு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அன்றும் எவரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கட்டாரில் ஒரு சகோதரர் ஆயிரம் றியாலை உண்டியல்காரரிடம் கொடுக்கிறார். எருக்கலம்பிட்டியில் அவரது மனைவிக்கு ரூபாய் கிடைத்துவிடுகிறது. அந்த றியால் கடல் கடந்து வரவில்லை. அது கட்டாரிலேயே நின்றுவிட்டது. அப்படியானால் இங்கே ரூபாயை எடுத்துக் கொடுத்தவர் யார்? இங்குள்ள ரூபாயைக் கொடுத்து, வெளிநாட்டில் நாணயத்தைப் பெற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர். சுங்கத்தீர்வையைக் குறைப்பதற்காகப் பொருளின் விலையைத் தாழ்த்திக் காட்டும் இறக்குமதியாளருக்கு, மிகுதித் தொகையை இரகசியமாக வெளியே செலுத்த வேண்டியிருக்கிறது. தங்கம் கடத்துபவருக்கு டுபாயில் தங்கம் வாங்க வெளிநாட்டு நாணயம் வேண்டும். ஐஸ் போதைப்பொருளையும் கேரளக் கஞ்சாவையும் விற்றுத் திரட்டிய ரூபாய்க் கட்டுகளை வைத்திருப்பவருக்கு, சரக்கு அனுப்பியவனுக்குக் கடன் தீர்க்க வேண்டும். இவர்களின் ரூபாய் அந்தச் சகோதரரின் வீட்டுக்கு வருகிறது. வெயிலில் வேர்வை சிந்தி உழைத்த அவரது றியால் இவர்களின் கடனை அடைக்கிறது. இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டதில்லை.

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹு நூல்களை ஓதியவர் என்ற முறையில் ஒரு வார்த்தை. "ஹவாலா என்பது மார்க்கம் அனுமதித்ததுதானே" என்று சில சகோதரர்கள் வாதிடுகிறார்கள். ஹவாலா என்றொரு பாடம் நமது ஷாபிஈ நூல்களில் உண்டு, உண்மைதான். அது ஒருவர் மீதுள்ள கடனை இன்னொருவரின் பொறுப்புக்கு மாற்றும் உடன்படிக்கையாகும். கடனை மாற்றுபவரும் கடன் கொடுத்தவரும் அதற்குப் பொருந்திக்கொள்ள வேண்டும்; மாற்றப்படும் கடன் இன்னதென்று அறியப்பட்டிருக்க வேண்டும். றியாலை ரூபாயாக்குவதோ நாணயமாற்று. அதற்கு ஸர்ஃப் எனும் தனிப் பாடமும் கைக்குக் கை மாற வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கின்றன. யாருடைய பணம், எதற்கான பணம் என்று எவருக்குமே தெரியாமல் நடக்கும் இன்றைய உண்டியலுக்கு அந்தப் பழைய பெயரைச் சூட்டுவதால் அது அந்த உடன்படிக்கையாக ஆகிவிடாது.

மன்னாரின் அமைவிடமும் இந்த விடயத்தில் நமக்கு ஒரு சோதனையாகவே இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் கடல்தான். அதன் நடுவே மணல் திட்டைகள். இங்கிருந்து தங்கம் போவதும், அங்கிருந்து கஞ்சாவும் பீடி இலையும் வருவதும், மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின்னர் மூட்டை மூட்டையாக மஞ்சள்கூட வந்ததும் நாமெல்லாம் அறிந்த செய்திகள். தீர்வை ஏறும் இடத்தில் கடத்தல் இலாபமும் ஏறும். இந்தியாவில் தங்கத்தின் மீதான இறக்குமதித் தீர்வை 2022 ஜூலையில் 15 வீதமாக உயர்த்தப்பட்டது. 2024 ஜூலையில்தான் 6 வீதமாகக் குறைக்கப்பட்டது. இடையே, 2023 ஜூன் மாதம், மண்டபம் அருகே மன்னார் வளைகுடாவில் இரு படகுகளிலிருந்து 32 கிலோகிராமுக்கு மேற்பட்ட தங்கத்தை இந்திய அதிகாரிகள் கைப்பற்றினார்கள். அதில் ஒரு பகுதி கடலுக்குள் வீசப்பட்டு, சுழியோடிகளால் எடுக்கப்பட்டதாகும். அத்தனை தங்கத்துக்கும் எங்கோ எவரோ முன்கூட்டியே பணம் செலுத்தியிருக்க வேண்டும் அல்லவா?

இனிக் கறுப்புப் பணம் வெள்ளையாவது எவ்வாறு என்று பார்ப்போம். நமது கரையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். போதைப்பொருள் விற்ற ஒருவனிடம் இரண்டு கோடி ரூபாய் ரொக்கமாக இருக்கிறது. அதைக் கொண்டு அவனால் பகிரங்கமாகக் காணி வாங்க முடியாது; எங்கிருந்து வந்தது என்று கேள்வி எழும். எனவே முதலில் அந்தப் பணத்தைச் சிறு சிறு தொகைகளாகப் பிரித்துப் பலருடைய கணக்குகளில் இடுகிறான். பின்னர் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று தடம் தெரியாதவாறு மாற்றுகிறான். இறுதியில் ஒரு படகு, ஒரு வெளியிணைப்பு இயந்திரம், கரையில் ஒரு மீன் வாடி வாங்கப்படுகின்றன. பாடு கிடைக்காத நாளிலும் நல்ல பாடு கிடைத்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது. கடலில் பிடித்த மீனுக்குக் கடல் பற்றுச்சீட்டு தருவதில்லை! ஆகவே போதைப்பொருள் காசு மீன் காசாகி, வங்கிக்குள் தலைநிமிர்ந்து நுழைகிறது. இதைத்தான் பணம் தூயதாக்கல் என்கிறார்கள். பணச் சலவை என்றும் சொல்வதுண்டு.

பயங்கரவாதத்துக்கு நிதியளிப்பது இதற்கு நேர்மாறாகவும் நடக்கக்கூடும். அங்கே உழைத்துச் சம்பாதித்த சுத்தமான பணமும், இரக்கத்தோடு கொடுத்த தர்மமும் கொலைக்குப் போய்ச் சேரலாம். இந்த நாட்டில் இரு சமூகங்களுக்கும் அந்த அனுபவம் உண்டு. தமிழர் புனர்வாழ்வுக் கழகம் என்ற தொண்டு நிறுவனம் சுனாமி நிவாரணத்துக்கென்றும் வெளிநாட்டுத் தமிழர்களிடம் நிதி திரட்டி வந்தது. 2006இல் இங்கே அதன் கணக்குகள் முடக்கப்பட்டன. அது புலிகளின் முகப்பு அமைப்பு என்று கூறி 2007 நவம்பரில் அமெரிக்கத் திறைசேரியும் அதன் சொத்துக்களை முடக்கியது. கண்ணீரோடு கொடுத்த எத்தனையோ நன்கொடையாளர்களுக்குத் தாம் யாருக்குக் கொடுத்தோம் என்பதே தெரியாமல் போயிற்று. நமது பக்கத்தில், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்தப் பாதகத்தில் ஈடுபட்டவர்களுள் இருவர், கொழும்பில் வாசனைத் திரவிய வணிகம் செய்த செல்வந்தக் குடும்பத்துச் சகோதரர்கள். அதே ஆண்டு ஜனவரியிலேயே, நமக்கு அண்மையிலுள்ள புத்தளம் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் சிக்கியிருந்தன. அந்தத் தோட்டத்துக்கும் அந்த வெடிமருந்துக்கும் யாரோ பணம் கொடுத்தார்கள். மன்னாரில் நம்மோடு ஒரே தெருவில் வாழும் கத்தோலிக்கச் சகோதரர்களின் முகத்தை அந்த நாட்களில் நிமிர்ந்து பார்க்க நாம் கூசியதை மறந்துவிடலாகாது.

அரசு இதற்கென்று என்ன செய்திருக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறேன். பயங்கரவாதத்துக்கு நிதியளிப்பதை ஒடுக்கும் சட்டம் 2005இல் 25ஆம் இலக்கமாக வந்தது. பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சட்டம் 2006இன் 5ஆம் இலக்கம். நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் அதே ஆண்டின் 6ஆம் இலக்கம். இவற்றைக் கொண்டு நிதியியல் உளவறிதல் பிரிவு 2006இல் அமைக்கப்பட்டு, 2007 முதல் மத்திய வங்கியில் இயங்குகிறது. குற்றத்தால் ஈட்டிய சொத்துக்களை மீட்பதற்கான புதிய சட்டம் ஒன்றும் 2025இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

இவற்றுள் நமது பிள்ளைகளைத் தொடுபவை மூன்று நான்கு விடயங்களே. அவற்றை நிதானமாக வாசியுங்கள்.

பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கொடுக்கல் வாங்கலையும் மின்னணுப் பணமாற்றத்தையும் வங்கி அந்தப் பிரிவுக்கு அறிக்கையிட வேண்டும். அந்தத் தாயின் கையிலிருந்த புத்தகத்தில் ஏன் எல்லாமே பத்து இலட்சத்துக்குக் கீழே நின்றன என்பது இப்போது விளங்கியிருக்கும். தொகையைப் பிரிக்க வேண்டியிருப்பதால்தான் அவர்களுக்குப் பல கணக்குகள் தேவைப்படுகின்றன. பல கணக்குகள் தேவைப்படுவதால்தான் வேலையில்லாத நம் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். "உன் கணக்கை மட்டும் தா, நீ ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பது அவர்களின் வழக்கமான பேச்சு. ஆனால் இப்படிப் பிரித்திடுவதும் மறைந்து நிற்கும் தந்திரம் அல்ல. தொகை எவ்வளவு சிறியதாயினும், சந்தேகம் தோன்றினால் இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கி அதை அறிவித்தாக வேண்டும். அவ்வாறு அறிவித்ததை வாடிக்கையாளரிடம் சொல்வதே குற்றம். ஆகவே வங்கி உத்தியோகத்தர் சிரித்துப் பேசினார் என்பதால் காரியம் தெரியவில்லை என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது, "எனக்குத் தெரியாது" என்ற பதில். பணம் குற்றத்தால் வந்தது என்று அறிந்திருந்தால் மட்டுமன்றி, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தாலும் சட்டம் பிடிக்கிறது. வேலையில்லாத ஒரு வாலிபனின் கணக்கில் மூன்று மாதத்தில் கோடிகள் புரண்டால், சந்தேகிக்கக் காரணம் இருக்கவில்லை என்று எந்த நீதிபதியிடம் கூறுவது? அறியப்பட்ட வருமானத்துக்குள் அடங்காத சொத்து குற்றத்தால் வந்ததாகவே ஊகிக்கப்படும். அப்படியல்ல என்று காட்ட வேண்டிய பாரம் அவர் மீதே சுமத்தப்படும். தண்டனை, ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை கடூழியச் சிறையாக இருக்கலாம். தண்டப்பணமும் சொத்தின் பெறுமதிக்குக் குறையாமல் அதன் மும்மடங்கு வரை செல்லலாம். அந்தப் பிள்ளை வாங்கிய கொமிசன் ஒரு கைத்தொலைபேசிக்கும் போதியதாக இருக்கவில்லை.

பணமாற்றச் சேவை நடத்துவோர் மத்திய வங்கியில் பதிவு பெறவேண்டும் என்ற ஒழுங்குவிதிகளும் 2024இல் வந்துவிட்டன. எனவே கொடுப்பவரிடம் பதிவு இருக்கிறதா என்று கேட்பது இனி நமது உரிமை.

இவையெல்லாம் மேல்நாட்டார் நம்மீது சுமத்தியவை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பாரிஸைத் தலைமையகமாகக் கொண்ட நிதியியல் நடவடிக்கைச் செயலணி என்ற அமைப்பு 1989 முதல் இவ்விதிகளை வகுத்து நாடுகளை அளந்து வருகிறது என்பது மெய்தான். 2017இன் இறுதியில் இலங்கையை அது சாம்பல் பட்டியலில் இட்டது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியமும் தனது பட்டியலில் சேர்த்தது. அப்போது வெளிநாட்டு வங்கிகள் இலங்கைப் பெயர் வந்தாலே கூடுதல் கேள்வி கேட்டன. குறைகள் திருத்தப்பட்டு 2019 ஒக்டோபரில் செயலணியின் பட்டியலிலிருந்து நாடு நீங்கியது. ஆனால் உண்டியலின் கேடு வெளிநாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. 2021இல் வங்கியில் டொலருக்குச் சுமார் 200 ரூபாய்தான் கிடைத்தது. உண்டியலில் அதைவிட மிகக் கூடுதலாகக் கிடைத்தது. மக்கள் உண்டியலுக்குத் திரும்பினார்கள். 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் அனுப்பும் பணம், 2021இல் ஏறத்தாழ 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் வீழ்ந்தது. அந்த ஆண்டில் நாம் எரிபொருளுக்கு எத்தனை நாள் வரிசையில் நின்றோம், எத்தனை மருந்துக்காக அலைந்தோம் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. நாணய மதிப்பைச் செயற்கையாகப் பிடித்துவைத்த ஆட்சியாளர்களின் தவறே அதில் முதற்காரணம் என்பேன். பழி முழுவதையும் ஏழைத் தொழிலாளி மீது போடுவது அநியாயம். ஆனாலும் நமது பங்கும் அதில் இருந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். 2019இன் பின்னர் நமது சமூகத்தில் பெருந்தொகையானோர் கைது செய்யப்பட்டு, பலர் குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரால் நிரபராதிகள் பட்ட துன்பம் நாமறிந்தது. அதனால் பள்ளிவாசல் நிருவாகிகள் பலர் வங்கிப் பக்கம் போகவே அஞ்சி, வசூலைப் பெட்டியில் பூட்டி வைக்கும் நிலை ஏற்பட்டது. இது தலைகீழான தற்காப்பு. 2009இன் பின்னர் நாம் முசலிக்கும் தீவுக்கும் திரும்பி வந்தபோது, வீடுகளும் கிணறுகளும் பள்ளிவாசல்களும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடையாளர்களின் உதவியாலேயே எழுந்தன. அந்தக் கொடைகளுக்கு வங்கிப் பதிவும் பற்றுச்சீட்டும் உள்ள ஜமாஅத், எவர் வந்து கேட்டாலும் ஏட்டைத் திறந்து காட்டலாம். அவை இல்லாத ஜமாஅத்துக்கு வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம் பள்ளிவாசல்களுக்குக் கணக்கு வைக்கும் கடமையை எப்போதோ விதித்துவிட்டது. ஸகாத் திரட்டும் இளைஞர் மன்றங்களுக்கும் இதையே சொல்வேன். கொடுத்தவர் பெயர், தொகை, யாருக்குப் போயிற்று என்பதை எழுதுங்கள். முகநூலில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, யாரென்றே அறியாத ஒருவரின் கணக்குக்கு ஸதகா அனுப்பாதீர்கள்.

பெற்றோர்களே! பிள்ளையின் கையில் புதிய தொலைபேசி தெரிந்தால் விலையைக் கேட்கும் நாம், வங்கி அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. பெயர் அவனுடையது, அடையாள அட்டை அவனுடையது, அட்டையும் இரகசிய எண்ணும் சிம்மும் வேறொருவரிடம் என்றால், அந்தக் கணக்கின் பாவத்துக்கும் வழக்குக்கும் மட்டுமே அவன் உரிமையாளன்.

அந்தத் தாயிடம் இவற்றைச் சொல்லி முடித்தபோது, அவர் சிறிது நேரம் மௌனமாக நின்றார். பின்னர் தயங்கியபடி, "அப்ப கணக்குல மிச்சம் கிடக்கிற காசைப் பள்ளி உண்டியல்ல போட்டிரட்டுமா மௌலவி?" என்று கேட்டார். எத்தனை நல்ல மனது! ஆனால் அது பிறருடைய பணம். எவருடையது என்பதும் எதற்கானது என்பதும் நமக்குத் தெரியாது. அதைப் பள்ளிவாசல் பெட்டியில் இட்டால், இல்லாத ஒரு தூய்மையை அதற்கு நாமே பூசிவிட்டவர்கள் ஆவோம். "உம்மா, அதைத் தொடவும் வேண்டாம், தர்மம் செய்யவும் வேண்டாம். திங்கட்கிழமை மகனோடு சென்று, நடந்ததை முகாமையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு சட்டத்தரணியையும் கூட்டிச் செல்லுங்கள். அவன் எடுத்த கொமிசனையும் கணக்கில் திருப்பி வையுங்கள்" என்றேன்.

அவர்கள் அவ்வாறே செய்தார்கள். பொலிஸ் நிலையத்தில் அவன் இருமுறை வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். கணக்கு இன்னும் முடக்கத்திலேயே இருக்கிறது. விசா வந்தும் விசாரணை முடியாததால் அவன் பயணமாகவில்லை. இப்போது மீன் வாடியில் நாட்கூலிக்கு ஐஸ்கட்டி உடைக்கிறான். கொமிசனில் வாங்கிய தொலைபேசியை விற்றும் குறைந்த தொகையை, அந்தக் கூலியிலிருந்து மாதாமாதம் அவனது தாய் எடுத்து வைத்து வருகிறார்.